ஹாட் யோகாவா, சாதா அறையா? ஐந்து வழிகளும் அவற்றின் கணக்கும்

யோகா மையத்தின் அட்டவணையில் காலை ஆறு மணிக்கு 'ஹாட் 26', எட்டு மணிக்கு 'வார்ம் ஃப்ளோ', மாலையில் வெறும் 'ஹத யோகா' என்று மூன்று வரிகள் இருக்கின்றன. முதல் இரண்டும் அறையைச் சூடேற்றி நடத்தும் 'ஹாட் யோகா' வகைகள், மூன்றாவது சாதா அறையில். எதில் பெயர் கொடுப்பது? வகுப்பே வேண்டாம், வீட்டு அறையில் ஹீட்டரைப் போட்டுப் பழகிவிடலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். 'வியர்த்துக் கொட்டினால்தான் பலன்' என்பார் ஒருவர். 'சூட்டு அறைப் பக்கமே போகாதே' என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதி உண்மை. எந்தச் சூடு, எவ்வளவு ஈரம், எவ்வளவு நேரம், யாருடைய உடம்பு என்று பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் கீழ்க்கண்ட கேள்விகளால் சோதித்திருக்கிறோம்.

- உடலில் உண்டாகும் சூடு வெளியேற அந்த அறை இடம் கொடுக்கிறதா?
- நீங்கள் தேடி வந்தது (நெகிழ்வு, வலு, மூச்சுப் பயிற்சி, மன அமைதி, எடைக் குறைப்பு) உண்மையில் அங்கே கிடைக்கிறதா?
- ஆசனத்தில் தவறு செய்தால் உடம்பு உடனே சொல்லுமா, அல்லது மறுநாள்தான் சொல்லுமா?
- கட்டணத்துக்கு மேல் பாய், துண்டு, துவைப்பு, குளியல், மின்சாரம், நேரம் என்று எவ்வளவு போகிறது?
- உங்கள் உடல்நிலைக்கும் மருந்துக்கும் பொருந்துமா?

முதல் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவோம்.

## டிகிரியை விட ஈரப்பதம் முக்கியம்

வியர்த்துவிட்டால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது. வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். பாயில் சொட்டி வழியும் வியர்வை நீரையும் உப்பையும்தான் எடுத்துச் செல்லும், வெப்பத்தை அல்ல. தோலின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அறை அதைவிடச் சூடாகிவிட்டால் காற்று உடலைக் குளிர்விக்காது, சூடாக்கும். அதன் பிறகு ஆவியாதல் ஒன்றுதான் உடலுக்கு மிஞ்சியிருக்கும் வழி.

அந்த வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஈரப்பதம் முடிவு செய்கிறது. 40 டிகிரி அறையில் ஈரப்பதம் 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு ஏறினால், தோலுக்கும் காற்றுக்கும் இடையிலான நீராவி அழுத்த வேறுபாடு ஏறக்குறைய பாதியாகிவிடும். வெப்பமானி அதே 40ஐத்தான் காட்டும். உள்ளே இருப்பவருக்கோ அது வேறொரு அறை. மாறாக, 34 டிகிரிதானே என்று அலட்சியமாக நுழையும் அறையில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால், உடல் சுமக்கும் பாரம் 40 டிகிரி, 40 சதவீத அறைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருபத்தைந்து பேர் வியர்க்கும் அறைக்குள் ஒன்றரை மணி நேரத்தில் பல லிட்டர் நீராவி சேரும். வெளிக்காற்று உள்ளே வரும் ஏற்பாடு இல்லையென்றால், 40 சதவீதத்தில் தொடங்கிய வகுப்பு எதில் முடியும் என்று சொல்ல முடியாது. பாதி வகுப்பில் எழும் தலைவலியை எல்லோரும் நீரிழப்பின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். காற்றோட்டம் இல்லாத அறையில் கரியமில வாயு ஏறுவதற்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே மையத்தில் 'எத்தனை டிகிரி?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'ஈரப்பதமானி எங்கே மாட்டியிருக்கிறது? வெளிக்காற்று எப்படி வருகிறது?' என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே ஒரு பதில்தான்.

## வழி 1: 40 டிகிரி, 26 ஆசனங்கள், 90 நிமிடம்

'ஹாட் யோகா' என்ற பெயரைப் பரப்பியது இந்த வகைதான். கொல்கத்தாவின் பிஷ்ணு சரண் கோஷ் மரபில் பயின்ற பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பிய வரிசை இது. தொடக்கத்தில் நின்றபடி செய்யும் ஆழ்மூச்சு, முடிவில் கபாலபாதி, நடுவில் 26 ஆசனங்கள். பெரும்பாலான ஆசனங்களை இரண்டு முறை செய்வார்கள். அறை 40.6 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம். இந்த வரிசைக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஆகவே இன்று '26 அண்ட் 2', 'ஒரிஜினல் ஹாட்' என்று பல பெயர்களில் இதே வரிசை நடக்கிறது. பெயரைப் பார்க்காதீர்கள், ஆசனப் பட்டியலைக் கேளுங்கள்.

கிடைப்பது. வரிசை மாறாது. எந்த ஊருக்குப் போனாலும் அதே 26. புதிதாக வருபவருக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் அடுத்தது என்ன என்ற பதற்றம் இல்லை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டுக்கொள்ளலாம். தண்டாயமான ஜானுசீர்ஷாசனம், துலாதண்டாசனம் போன்ற ஒற்றைக்கால் நிலைகள் சமநிலையையும் கால் வலுவையும் நன்றாக வளர்க்கும். தொடர்ந்து போகிறவர்களுக்கு வெப்பத்தைத் தாங்கும் பழக்கமும் வரும். முதல் சில நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். முழுப் பழக்கத்துக்குத் தொடர்ச்சியாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். வாரம் இருமுறை மட்டும் போனால் அரைகுறையாகத்தான் வரும், மூன்று நான்கு வாரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். விடுமுறை கழித்துத் திரும்புபவர் 'பழைய ஆள்தானே' என்று முதல் நாளே முன்வரிசையில் நிற்பதில் உள்ள பிழை இதுதான்.

கிடைக்காதது. இந்த வரிசையில் சூரிய நமஸ்காரம் இல்லை. அதோமுக சுவானாசனம் இல்லை. கையால் தரையைத் தள்ளி எழும் வேலை மிகக் குறைவு. தோள், மணிக்கட்டு, நெஞ்சுத் தசைகளின் வலுவுக்கு வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

எடைக் குறைப்பு என்று போகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது, ஒரு 90 நிமிட வகுப்பில் ஆண்களுக்குச் சராசரியாக 460, பெண்களுக்கு 330 கிலோ கலோரி செலவாயிற்று. வேகநடைக்கு ஆகும் செலவுதான் இது. கைக்கடிகாரம் இதைவிட மிக அதிகமாகக் காட்டும். அது இதயத் துடிப்பை வைத்துக் கணக்குப் போடுகிறது. சூட்டில் துடிப்பு ஏறுவதற்குப் பெரும் காரணம் குளிர்விப்பதற்காகத் தோலுக்கு ரத்தம் அனுப்புவது, தசைகளின் உழைப்பு கூடியதல்ல. வகுப்பு முடிந்து எடை பார்த்தால் குறைந்திருப்பது தண்ணீர். 'நச்சு வியர்வையில் போகிறது' என்பதும் அப்படித்தான். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கின்றன.

எங்கே தவறுகிறது. அமெரிக்க உடற்பயிற்சி மன்றம் ஆதரித்த ஆய்வு ஒன்றில், இந்த வகுப்பில் பழகிய 20 பேரை உணரி மாத்திரை விழுங்கவைத்து உடலின் மைய வெப்பநிலையை அளந்தார்கள். ஆண்களின் உச்சம் சராசரியாக 39.6 டிகிரியைத் தொட்டது, பெண்களின் உச்சம் 38.9. ஒருவருக்கு 40.1 வரை போனது. வெப்ப வாதத்தை (ஹீட் ஸ்ட்ரோக்) பற்றி மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்குவது 40ஐ ஒட்டித்தான். வகுப்பின் பிற்பகுதியில்தான் இந்த ஏற்றம் அதிகம். அதாவது களைத்துப்போய், தரையில் படுத்தும் எழுந்தும் மாறும் நேரத்தில். உஷ்ட்ராசனத்திலிருந்து (மண்டியிட்டுப் பின்னால் வளையும் நிலை) மீளும்போது கண் இருட்டுவதும் குமட்டுவதும் இந்தக் கூட்டில் வருவதே. தோலின் ரத்தக்குழாய்கள் அகலத் திறந்திருக்கும்போது தலையைப் பின்னால் சாய்த்துச் சட்டென நிமிர்ந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் குறையும்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வரும். சூட்டில் தசை இளகும், இழுவையின் வலியும் மட்டுப்படும். 'அட, இன்றைக்கு இவ்வளவு தூரம் குனிய முடிகிறதே' என்ற மகிழ்ச்சியில் தொடைப் பின்தசை இடுப்பெலும்போடு சேரும் இடத்தை, அதாவது உட்காரும்போது தரையில் படும் எலும்பின் அடியை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நைந்துபோகச் செய்பவர்கள் அதிகம். வகுப்பில் வலிக்காது. வாரங்கள் கழித்து வண்டியில் உட்காரும்போது வலிக்கும். ஆற மாதக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே மூட்டுகள் தளர்வாக உள்ளவர்களுக்கு இந்த அறை அவர்களுக்குத் தேவையே இல்லாத ஒன்றைத் தருகிறது. காப்பு எளிது. குளிர்ந்த அறையில் எட்டும் தூரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, சூட்டு அறையில் அதைத் தாண்டாமல் நிறுத்தி, அங்கே தசையை இறுக்கிப் பிடித்து நில்லுங்கள்.

யாருக்குப் பொருந்தும். உடல்நலத்தில் குறையில்லாதவர், மாறாத வரிசையை விரும்புபவர், வாரம் மூன்று முறையாவது தவறாமல் வரக்கூடியவர், வகுப்பு நாளில் முழுதாக மூன்று மணி நேரம் ஒதுக்க முடிபவர்.

## வழி 2: 32 முதல் 36 டிகிரியில் வின்யாசா

மூச்சோடு நகரும் தொடர் அசைவுகள், 60 அல்லது 75 நிமிடம், மிதமான சூடு. டிகிரி குறைவாக இருப்பதால் இது லேசானது என்று நினைத்துவிட வேண்டாம். அசைவு அதிகம் என்பதால் உடலுக்குள் உண்டாகும் வெப்பமும் அதிகம். ஆனால் அறை தோலின் சூட்டைத் தாண்டாமல் இருக்கும்வரை காற்று எதிரியாகாது. ஈரப்பதமும் 40 சதவீதத்தில் நின்றால் வியர்வை நன்றாகவே ஆவியாகும். மேலே சொன்ன அதே மன்றத்தின் 2013 ஆய்வில், ஒரே வகுப்பை 21 டிகிரியிலும் 33 டிகிரியிலும் 60 நிமிடம் நடத்திப் பார்த்தார்கள். மைய வெப்பநிலை ஏற்றத்திலும் இதயத் துடிப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வியர்வையும் 'கடினமாக இருந்தது' என்ற உணர்வும்தான் கூடின. 33க்கும் 40க்கும் நடுவே இருப்பது வெறும் ஏழு டிகிரி இல்லை என்பது இங்கே விளங்கும்.

இந்த வகுப்பின் பலவீனம் கையும் பாயும். ஈரக் கையோடு சதுரங்க தண்டாசனத்தை (தண்டால் எடுப்பதுபோல் உடலைத் தாழ்த்தும் நிலை) நாற்பது முறை செய்யும்போது உள்ளங்கை முன்னால் வழுக்கும். அதைத் தடுக்க தோள்கள் காதுப்பக்கம் ஏறும். தோள் முன்புற வலிக்கு இது நேர்வழி. சாதாரண பிவிசி பாய் ஈரம் பட்டால் வழுக்கும். பாலியூரித்தேன் மேற்பரப்பு கொண்ட ரப்பர் பாயும் கார்க் பாயும் ஈரத்தில் பிடிமானம் தரும். அவை விலை கூடியவை, முன்னது உலரவும் நேரம் எடுக்கும். பழைய பாயின் மேல் மைக்ரோஃபைபர் துண்டு விரிப்பது மலிவான வழி. ஆனால் காய்ந்த துண்டு பிடிக்காது, கை கால் வைக்கும் இடத்தில் முதலிலேயே தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். இயற்கை ரப்பர் பாயை வெயிலில் உலர்த்தினால் வெடித்துவிடும், நிழலில்தான் காயவைக்க வேண்டும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

ஆசிரியருக்கு ஆசிரியர் வரிசை மாறும் என்பதால் தரமும் மாறும். பாதி வகுப்பில் சூட்டைக் கூட்டும் பழக்கம் உள்ள ஆசிரியரைத் தவிர்ப்பது நல்லது. வலு, நெகிழ்வு, இதய உழைப்பு மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் வேண்டும் என்பவருக்கும், சூடு பிடிக்கும் ஆனால் 40 தாங்காது என்பவருக்கும் சூடேற்றிய அறைகளில் முதல் சிபாரிசு இதுதான்.

## வழி 3: இன்ஃப்ராரெட் அறை

கூரையிலோ சுவரிலோ பதித்த பலகைகள் காற்றைச் சூடாக்காமல் உடலையும் தரையையும் நேரடியாகச் சூடேற்றும். விசிறிச் சத்தம் இல்லை, காற்று வீச்சு இல்லை, அறை வறண்டே இருக்கும். மூச்சு திணறுவதுபோன்ற உணர்வு குறைவு. நிறை இவ்வளவே, அதுவும் சிறிதல்ல.

விளம்பரத்தில் வரும் 'தசைக்குள் ஆழமாக ஊடுருவும்' என்ற வரியைத் தள்ளிவிடுங்கள். பலகைகளிலிருந்து வரும் தொலை அகச்சிவப்புக் கதிர்கள் தோலின் மேலடுக்கிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். உள்ளே போவது ரத்தம் எடுத்துச் செல்லும் சாதாரண வெப்பம்தான். இரண்டாவது, வெப்பமானியை இங்கே நம்ப முடியாது. அது காட்டுவது காற்றின் அளவு. 34 என்று காட்டும் அறையில் பலகைக்கு நேர்கீழே இருப்பவர் மேல் படும் வெப்பம் வேறு, மூலையில் இருப்பவருக்குப் படுவது வேறு. முதல் நாள் ஓரத்தில் இடம் பிடித்து, தோலில் சுரீர் என்று படுகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே நகருங்கள். ஈரப்பதமான காற்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், நெரிசலான அறையின் வாடை பிடிக்காதவர்களுக்கும் இது பரவாயில்லை.

## வழி 4: வீட்டில் ஹீட்டர் போட்டு

மிச்சம் பிடிக்கும் வழியாகத் தோன்றும். ஒரு சிறிய கணக்கு: மூன்றரை மீட்டருக்கு மூன்றரை மீட்டர், இரண்டரை மீட்டர் உயரமுள்ள அறையில் சுமார் 30 கன மீட்டர் காற்று இருக்கும். 1500 வாட் ஹீட்டர் அந்தக் காற்றை 15 டிகிரி ஏற்றக் கணக்குப்படி ஆறேழு நிமிடம் போதும். நடைமுறையில் ஒரு மணி நேரம் ஆனாலும் ஏறாது, ஏனென்றால் குளிர்ந்த சுவரும் தரையும் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஏறும் சூடும் கூரைப் பக்கம் போய் நிற்கும். தலைமட்டத்தில் 36 என்றால் தரையில் படுத்திருப்பவருக்கு அதைவிடச் சில டிகிரி குறைவு. ஆகவே வெப்ப, ஈரப்பதமானியை உட்கார்ந்திருக்கும்போது தோள் வரும் உயரத்தில் வையுங்கள்.

ஈரத்தின் கணக்கு இன்னும் மோசம். 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 40 கிராம் அளவுக்குத்தான் நீராவி தாங்கும். அந்த 30 கன மீட்டர் அறையை அடைத்துவிட்டு நீங்கள் அரை லிட்டர் வியர்வையை ஆவியாக்கினால் ஈரப்பதம் 40 சதவீதத்திலிருந்து 80ஐ நோக்கிப் போகும். ஓரளவு கதவிடுக்கில் கசியும், மீதி குளிர்ந்த சுவரிலும் ஜன்னலிலும் துளியாகப் படியும். சில மாதங்களில் அலமாரியின் பின்புறம் பூஞ்சை பூக்கும். இந்த வழியின் மறைசெலவு மின்கட்டணத்தைவிடச் சுவர்தான். ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்துவைத்து, முடிந்ததும் முழுவதும் திறந்து காயவிட வேண்டும்.

பாதுகாப்பு விதிகள் சுருக்கமானவை, விதிவிலக்கு இல்லாதவை:

- ஹீட்டரைச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம்.
- பாய், துணி, திரை எதுவும் ஒரு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. ஈரத் துண்டை அதன்மேல் போடவே கூடாது.
- கவிழ்ந்தால் தானே அணையும் வகை ஹீட்டரையே பயன்படுத்துங்கள்.
- அடைத்த அறையில் கரியோ எரிவாயுவோ எரித்துச் சூடேற்றாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.
- வீட்டில் வேறு யாராவது விழித்திருக்கும்போது மட்டும் பழகுங்கள். மயங்கினால் பார்க்க ஆள் வேண்டும்.

வீட்டில் 28 முதல் 30 டிகிரியோடு நிறுத்திக்கொண்டால் இது நல்ல வழி. குளிர்காலத்தில் விறைத்த உடம்பை இளக்க அது தாராளமாகப் போதும். 40ஐ வீட்டில் எட்ட முயல்வது வீண் வேலை.

## வழி 5: சூடேற்றாத அறை

20 முதல் 24 டிகிரி. இங்கே சூட்டை உடம்பே உண்டாக்க வேண்டும். சூரிய நமஸ்காரம் பத்துப் பதினைந்து நிமிடம் செய்தால் தசை உள்ளிருந்து சூடாகும். அவசரப்பட்டு நேரே பச்சிமோத்தானாசனத்துக்குப் போகிறவர்கள்தான் 'குளிர் அறையில் உடம்பு வளையவில்லை' என்று குறைசொல்வார்கள்.

சூடு இல்லாததால் என்ன இழக்கிறோம்? நினைப்பதைவிடக் குறைவு. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகக் குழுவினர், உட்கார்ந்தே வேலை பார்க்கும் 40 முதல் 60 வயதினரை அதே 26 ஆசன வரிசையை 12 வாரம், வாரம் மூன்று முறை செய்யவைத்தார்கள். ஒரு குழு 40.5 டிகிரியில், ஒரு குழு 23 டிகிரியில். 2018இல் வெளியான முடிவு: ரத்தக்குழாய்கள் விரியும் திறன் இரு குழுவிலும் மேம்பட்டது, அதற்குச் சூடு தேவைப்படவில்லை. சூட்டுக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வும் உண்டு. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 2023இல் வெளியிட்ட சோதனையில், எட்டு வாரச் சூட்டு அறை யோகாவுக்குப் பின் மனச்சோர்வு அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டது யோகா செய்யாமல் காத்திருந்தவர்களோடு. பலன் யோகாவினுடையதா, சூட்டினுடையதா என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. எங்கள் தராசில் இதுவரை யோகாவின் தட்டுதான் தாழ்ந்திருக்கிறது.

மூச்சுப் பயிற்சி, நீண்ட நேரம் ஒரே நிலையில் இருத்தல், தலைகீழ் ஆசனங்கள், காயத்திலிருந்து மீளும் பயிற்சி ஆகிய நான்குக்கும் இந்த அறைதான் சரி. வியர்வை கண்ணில் வழிய, சிரசாசனத்தில் முழங்கை வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உடம்பு தன் எல்லையை இங்கே உள்ளபடி சொல்லும். குறை என்னவென்றால் சவாசனத்தில் குளிரும், போர்வை வேண்டும். ஒரு மணி நேரம் அறைக்குள் அடைபட்டு வேறு நினைப்பில்லாமல் இருக்கும் அந்தப் பிடிப்பும் இங்கே குறைவு. பலர் சூட்டு அறையை நேசிப்பது அதற்காகத்தான், அது பொய்யான காரணமும் இல்லை.

வெப்பமான ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கோடையில் விசிறி இல்லாத, 33 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள அறை 'சூடேற்றாத அறை' ஆகாது. அது ஏற்கெனவே ஹாட் யோகாதான். விசிறியைப் போடுங்கள், சூட்டு அறைக்குச் சொன்ன எச்சரிக்கைகளையும் பின்பற்றுங்கள்.

## ஒரே பார்வையில்

| | 40 டிகிரி, 26 ஆசனம் | 32–36 வின்யாசா | இன்ஃப்ராரெட் | வீட்டில் ஹீட்டர் | சூடேற்றாதது |
|---|---|---|---|---|---|
| உடல் குளிரும் வழி | ஆவியாதல் மட்டும் | ஈரம் குறைவெனில் நன்று | வறண்ட காற்றால் நன்று | அறை அடைத்தால் மோசம் | தடையில்லை |
| நன்றாக வளர்வது | சமநிலை, கால், வெப்பத் தாங்குதிறன் | தோள், கை, மூச்சோட்டம் | வகுப்பைப் பொறுத்தது | விறைப்பு தளர்வு | எல்லாம், பொறுமை இருந்தால் |
| வழக்கமான காயம் | தொடைப் பின்தசை அடி | தோள், மணிக்கட்டு | தோல் எரிச்சல் | தீ, மயக்கம் | வார்ம்-அப் இன்றி இழுத்த தசை |
| மறைசெலவு | மூன்று மணி நேரம், துவைப்பு | நல்ல பாய் | கூடுதல் கட்டணம் | பூஞ்சை, மின்சாரம் | போர்வை |
| புதியவருக்கு | எச்சரிக்கையோடு | சரி | சரி | 30க்குள் சரி | மிகச் சரி |

## தண்ணீரும் உப்பும்

சூட்டு அறையில் ஒரு வகுப்புக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம். ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும் என்பதால் மற்றவரின் பாட்டிலைப் பார்த்துக் குடிக்க வேண்டாம், எடையைப் பாருங்கள். வகுப்புக்கு முன் 62.4 கிலோ, பின் துடைத்துவிட்டு 61.5 கிலோ, நடுவில் குடித்தது 400 மில்லி என்றால், போனது 1.3 லிட்டர். உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைந்து முடிந்தால் அடுத்த முறை நடுவே கூடுதலாகக் குடிக்க வேண்டும் என்று பொருள்.

வகுப்புக்குச் சுமார் நான்கு மணி நேரம் முன்பு எடையில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு 300 முதல் 420 மில்லி. கடைசி நிமிடத்தில் ஒரு லிட்டரைக் கவிழ்த்துக்கொண்டு போனால் குனியும்போதெல்லாம் தொண்டைக்கு வரும். முடிந்த பிறகு, குறைந்த ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், சில மணி நேரத்தில் பரவலாக.

அதிகம் வியர்ப்பவர் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பார்வைக்கு நீரிழப்பு போலவே இருக்கும், 'இன்னும் தண்ணீர் குடி' என்ற அறிவுரை அதை மோசமாக்கும். லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் உப்பு, அதாவது தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு, பெரும்பாலோருக்குப் போதும். உடையில் வெள்ளைக் கோடு படிபவர்களுக்கு இது கட்டாயம். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

## யார் ஐந்தாவது வழியோடு நிற்க வேண்டும்

கர்ப்பிணிகள் முதலில். ஆரம்ப மாதங்களில் தாயின் மைய வெப்பநிலை 39ஐத் தாண்டுவது கருவின் நரம்புக்குழாய் வளர்ச்சிக்குக் கேடு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி ஹாட் யோகாவைத் தவிர்க்கவே சொல்கிறது. இதய நோய், தாழ் ரத்த அழுத்தம், முன்பு வெப்ப வாதம் வந்தவர், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர் (சூட்டில் பார்வை மங்குவது உட்பட அறிகுறிகள் கூடும்) ஆகியோருக்கும் அதேதான்.

மருந்துப் பட்டியலைப் பலர் யோசிப்பதில்லை. சிறுநீர் பெருக்கி மாத்திரைகள் நீரைக் குறைக்கும். பீட்டா பிளாக்கர்கள் இதயத் துடிப்பு ஏறுவதைத் தடுக்கும். சில மனநல மருந்துகளும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் வியர்வையைக் குறைக்கும். லித்தியம் எடுப்பவர் நீரிழந்தால் ரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும். இன்சுலின் சூட்டில் வேகமாக உறிஞ்சப்பட்டு சர்க்கரை சட்டென இறங்கலாம். இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் 'யோகா செய்யலாமா?' என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார். '40 டிகிரி அறையில் 90 நிமிடம் இருக்கலாமா?' என்று கேளுங்கள்.

## முடிவெடுக்க ஒரு மாதம்

எதுவும் தெரியாத நிலையில் தொடங்குபவர் முதல் இரண்டு வாரம் சூடேற்றாத அறையில் ஆசனங்களின் அமைப்பைக் கற்றுக்கொள்ளலாம். மூன்றாம் வாரம் 33 டிகிரி வகுப்பு இரண்டு. அதில் தூக்கம், மறுநாள் களைப்பு, மூட்டு வலி மூன்றும் சரியாக இருந்தால் நான்காம் வாரம் 40 டிகிரி வகுப்பு ஒன்றை முயலலாம். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி என்று முதல் நாளே நீட்டினால் வாங்காதீர்கள். ஒற்றை வகுப்புக் கட்டணம் கூடுதலாக இருந்தாலும் இந்த ஒரு மாதத்துக்கு அதுவே மலிவு.

40 டிகிரி அறையில் முதல் நாள் கதவுப் பக்கம், பின்வரிசையில் பாயை விரியுங்கள். எந்த நேரத்திலும் உட்காரலாமா, வெளியே போகலாமா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். 'அறையை விட்டுப் போகக் கூடாது', 'நான் சொல்லும்போதுதான் தண்ணீர்' என்று விதி வைத்திருக்கும் வகுப்பைத் தவிர்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

தலைசுற்றல், குமட்டல், கண் இருட்டல் வந்தால் உட்கார்ந்து, மெதுவாக வெளியே. சூட்டு அறையில் உடம்பு சிலிர்ப்பதும் மயிர்க்கூச்செறிவதும் 'பழகிவிட்டது' என்பதன் அடையாளம் அல்ல, அபாய அறிகுறி. ஒருவர் பேச்சுக் குழறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ, மயங்கினாலோ, வியர்த்துக்கொண்டிருந்தாலும் அதை வெப்ப வாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவசர ஊர்தியை அழைக்கச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் அறைக்கு வெளியே கிடத்தி, குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.